வேப்பமரத்தைப் பார்த்து எறிந்த குண்டு

போன வாரப் பத்தியில் கொஞ்சம் சிடுசிடுப்பு தெரிந்ததாக நாலைந்து பேர் கார்டு போட்டிருந்தீர்கள். உண்மைதான். கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. காரணத்தைச் சொல்கிறேன்... சிரிக்கக் கூடாது.

எங்கள் புதுச்சேரியில் பெத்தாங்க் என்று ஓர் ஆட்டம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. ஒரு குட்டி மரக்குண்டைத் தூரத்தில் போட்டுவிட்டு, யாருடைய இரும்புக்குண்டு அதை ஒட்டிப் போய் நிற்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான். இதற்காகச் சம்பந்தி வீட்டோடு பேச்சை நிறுத்தியவர்கள் இங்கே உண்டு.

தட்டாஞ்சாவடியில் ஒரு ஒர்க் ஷாப்புக்குப் பின்னால்தான் எங்கள் டீம் பயிற்சி எடுக்கும். எங்களில் சூரர் மரியநாதன் அண்ணன். மில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கொஞ்சம் தலைக்கனம் என்று எனக்கு நினைப்பு. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். காதுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்ப்பார்.

மூன்று மாதமாக அவர் ஒரு புது ஸ்டைல் பிடித்திருந்தார். குட்டிக் குண்டைப் பார்க்காமல், ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்து எறிவார். குண்டு அச்சாகப் போய் ஒட்டி நிற்கும்.

எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது — இது ஏதோ பிரெஞ்சு டெக்னிக். விடுவோமா? ஐந்து பேரும் வேப்பமரத்தைப் பார்த்து எறிய ஆரம்பித்தோம். ஒரு குண்டு சாக்கடைக்குப் போனது. ஒன்று சைக்கிள் மட்கார்டை நசுக்கியது. என் கழுத்து போனது அப்போதுதான்.

லீவில் வந்திருந்த என் தம்பி மகள் வாணி இதை வேடிக்கை பார்த்தாள். மீன் கண்ணை வைத்து விழித்திரை செல்களை ஆராய்ச்சி செய்கிற பெண். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அய்யா, அந்த ஜன்னல் கம்பி நேரா தெரியுதா?"

"நடுவுல வளைஞ்சிருக்கு. எல்லா ஜன்னலும் அப்பிடித்தான். இந்த ஊர்ல ஒரு வெல்டரும் சரியில்ல."

வாணி சிரிக்கவில்லை.

மறுநாளே கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் வைத்த பெயர் மேக்குலர் டீஜெனரேஷன். வாணி எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். விழித்திரையில் ஒரு செல் பார்த்ததை அடுத்த செல்லுக்கு ஒரு துளி ரசாயனம் வழியாகச் சொல்லுமாம். அந்த ரசாயனத்துக்கு நியூரோ டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். அண்ணனுக்கு நடுவில் இருக்கிற செல்கள் தேய்ந்துவிட்டன. சேதி சொல்ல ஆளில்லை. ஓரத்துச் செல்கள் மட்டும் ஒழுங்காக டூட்டி பார்க்கின்றன.

"உன் ஆராய்ச்சி எப்பம்மா முடியும்?"

"தெரியல அய்யா. எங்க காலத்துல முடிஞ்சாலே பெருசு."

"ஞாயித்துக்கெழம தவளக்குப்பத்தோட மேட்ச் இருக்கே..."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதப்பா. தெரிஞ்சா ஓரமா ஒக்கார வச்சிடுவானுங்க. வீட்ல ஒக்காந்து நான் என்னா பண்றது?" சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆனால் சனிக்கிழமை எங்கள் கேப்டன் பொன்னுசாமி வேப்பமரத்தை முறைத்தபடி எறிந்த குண்டு அவர் கால் பெருவிரலிலேயே விழுந்தது. அண்ணனால் தாங்க முடியவில்லை.

"போதும், நிறுத்துங்கடா. அது ஸ்டைலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு நடுவுல தெரியல. ஓரக்கண்ணாலதான் பாக்கறேன்."

பொன்னுசாமி விரலை ஊதிக்கொண்டே கேட்டார்: "அப்ப நாங்க மூணு மாசமா மரத்தப் பாத்தது?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"சரி, நாளைக்கு சீக்கிரம் வந்துடுண்ணே. மொத குண்டு உன்னுது."

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் எங்கள் இடத்திலேயேதான். அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்து எறிந்தார். ஒட்டியது. மறுபடியும் ஒட்டியது. பாதி ஆட்டத்தில் தவளக்குப்பத்துக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். அப்புறம் பார்த்தால் அவர்களும் வேப்பமரத்தைப் பார்த்து எறிகிறார்கள். நாங்கள் வாயே திறக்கவில்லை. ஜெயித்தோம்.

முடிந்ததும் அண்ணன் என்னிடம் வந்தார். வழக்கம்போல என் காதுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "என்னாப்பா, கண்ணு கலங்கியிருக்கு?" என்றார்.

இத்தனை நாளும் என் முகத்தைப் பார்க்கத்தான் மனுஷன் முகத்தைத் திருப்பியிருக்கிறார்!