சவுரியம்மாள் பினாங்குத் தீவில் இறங்கிய ஆறு நாள்

என் தங்கை சவுரியம்மாள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் பெரியம்மை கண்டு, கல்லறைத் தோட்டக்காரன் வந்து குழிக்கு நீளம் கேட்டுவிட்டுப் போன பிறகு பிழைத்தாள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பெண்களுக்கு மயிர் அலசும் வேலை மட்டுமே கொடுத்த காலத்தில், சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டும் வேலையைக் கேட்டு வாங்கினாள். மாமியார் மறித்தும் கடல் கடந்து புருஷனிடம் போய்ச் சேர்ந்தாள். பினாங்கில் செருப்புக் கடை ஒன்று அவள் பேரில் நடக்கிறது. அது அவளுடையது, அவள் புருஷன் ரத்தினசாமியுடையது அல்ல. இதில் அவள் புகுந்த ஊரான வாணியம்பாடியில் சிலருக்குச் சந்தேகம் இருப்பதால் தனியாக எழுதுகிறேன்.

பினாங்கைப் பற்றி எங்கள் ஊரில் வாய் கிழியப் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலையே பார்த்ததில்லை. ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டு, அங்கே பழம் மடியில் வந்து விழும் என்றான். அவன் காலில் இருந்த செருப்பு வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ரத்தினசாமி முன்பே போய் மூன்று வருஷமாகியிருந்தது. சவுரியம்மாள் புறப்பட்டபோது மாமியார் வாசலில் நின்று, "போறவ போய்டு. திரும்பி வந்தீன்னா இந்த வூட்டுப் படி ஏறாத" என்றாள். என் வீட்டிலோ ஆறு பிள்ளைகள். திரும்பி வந்தால் அவளுக்கு நிற்க இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்னையில் கப்பல் ஏறியது 1927 அக்டோபர் 6, வியாழக்கிழமை. தீவு தெரிந்தது 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. மேல்தட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். இவள் கும்பிடவில்லை. பின்னாளில் ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "மயிரு எடுக்காத தோலு மாதிரிண்ணா. மலை முச்சூடும் பச்சையா மூடிக்கினு கீது. அடியில நல்லதா ஓட்டையான்னு எப்டி தெரியும்? பாக்காமயே கும்புடுதுங்க."

இறங்கியவர்களை ஆறு நாள் பினாங்குக் கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவில் தகரக் கொட்டகையில் அடைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காலையில் மழை, மத்தியானம் மழை. நடுவில் வெயில் வந்தால் கொட்டகை வெந்தது. "நம்ம ஊர்ல ரெண்டு நாள்ல காயிற தோலு இங்க ரெண்டு வாரமானாலும் சொதசொதன்னு கெடக்கும்" என்றாள். காற்றில் கூனி இறாலைப் புளிக்க வைத்து இடிக்கும் நாற்றம். ரயிலில் ஆம்பூரைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிற பட்டணத்துக்காரர்களை அங்கே ஒரு வாரம் கட்டிப்போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாம். பழம் விழுந்தது உண்மை. ஒரு தேங்காய் தகரத்தின் மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த நாற்பது பேரை எழுப்பியது.

முதல் நாளே குமாஸ்தா வந்து ஒவ்வொருவர் கட்டை விரலையும் மையில் அழுத்தி, ஊரில் விரல் வைத்து எழுதிக்கொண்டு வந்த பயண அனுமதிச் சீட்டோடு ஒத்துப் பார்த்தான். அவனும் வேலூர்ப் பக்கத்து ஆள்தான். கோட்டுப் போட்டிருந்ததால் அது அவனுக்கு மறந்திருந்தது. இவள் விரலை மூன்று முறை அழுத்தினான். மூன்று முறையும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது.

"இது இன்னா கட்ட வெரலா, கரண்டிக் காம்பா?"

"பதினோரு வருசம் சுண்ணாம்புல வெச்ச வெரலு. நீங்க ஒரு மாசம் வெச்சுப் பாருங்க சார், உங்களுதும் இப்டித்தான் ஆவும்."

"சீட்டுல மட்டும் ரேக சுத்தமா கீதே. ஆம்பள வெரலாட்டம். யாருது இது?"

"எங்க அண்ணனுது."

இங்கே என் தப்பை எழுதியாக வேண்டும். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோகும். அதனால் எங்கள் பக்கத்தில் நிலப் பத்திரமானாலும் கோயில் பதிவானாலும், கூட நிற்கிறவரில் விரல் தெளிவாக உள்ள ஒருவர் வைத்துவிடுவார். யாரும் அதைப் பொய்யாக நினைத்ததில்லை. நான் காய்ந்த தோலைத் தரம் பிரிப்பவன். சுண்ணாம்பில் கை வைக்காதவன். ஆறேழு பேருக்கு விரல் கொடுத்திருக்கிறேன். தங்கைக்கும் கொடுத்தேன்.

"அப்ப உங்கண்ணன் வந்து எறங்கட்டும்" என்றான் குமாஸ்தா. "நீ வியாழக்கெழம இதே கப்பல்ல திரும்பிப் போ."

"என் வூட்டுக்காரர் வந்து சொன்னா?"

"சொன்னா புதுச்சீட்டு எழுதலாம். அதுக்கும் ரேக வேணும், இல்ல கையெழுத்து வேணும். ரெண்டும் இல்லாதவள இன்னான்னு எழுதறது?"

"கையெழுத்துன்னா என் பேர நானே எழுதணும், அவ்ளோதானே? அத ஒரு துண்டுல எழுதிக் குடுங்க."

அவன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான். ஏழு எழுத்து. சமையல் அடுப்பிலிருந்து கரி எடுத்து, படுக்கும் இடத்துச் சிமெண்டுத் தரையில் வரைய ஆரம்பித்தாள். எழுத்தாக அவள் அதைப் பார்க்கவில்லை. ஒரு தோலின் ஓரத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்ப்பது போல வளைவுக்கு வளைவு பார்த்தாள். கூரை ஒழுகி அழிக்கும். மறுபடி போடுவாள். பக்கத்துப் பாயில் வாணியம்பாடி முனவ்வர் பேகம் இருந்தாள். உருது படித்தவள், தமிழ் எழுத்துத் தெரியாது.

"இன்னாடி சவுரி, மூணாவது எழுத்துக்கு வாலு ஜாஸ்தி ஆய்டுச்சே" என்பாள்.

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே அக்கா."

"படிக்கத் தெரியாது. வாலு தெரியும்."

புதன்கிழமை ரத்தினசாமி படகில் வந்து, இவள்தான் தன் பெண்சாதி என்று வாக்குமூலம் கொடுத்தான். மூன்று வருஷத்தில் அவன் செய்த உருப்படியான காரியம் அது. கையெழுத்து மறுநாள் என்றார்கள். அன்று அவள் தரையில் நூற்றுப் பன்னிரண்டு முறை எழுதினாள். எண்ணியது முனவ்வர் பேகம்.

காலையில் திரும்பிப் போகிறவர்களைக் கப்பலுக்கு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா இவள் கையிலிருந்த துண்டை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுச்சீட்டை நீட்டினான். பேனா அவளுக்குப் புதிது. கரியைப் போலப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஏழு எழுத்தையும் போட்டாள்.

"கோணலா கீதே" என்றான்.

"கோணலா இருந்தா என்னுது இல்லன்னு ஆய்டுமா? முத்திரைய குத்துங்க சார், மழ வருது."

குத்தினான். அந்தச் சீட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பேருக்குக் கீழே உள்ள தேதி 1927 அக்டோபர் 20, வியாழக்கிழமை.