வலிக்காத கண்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார் அண்ணி. எழுத உட்கார்ந்தாலே அழுகைதான் வருகிறது.

அண்ணா சிங்கப்பெருமாள் கோவிலில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, டியூஷன் எடுத்து என்னைப் படிக்க வைத்தார். பிறகு குரோம்பேட்டையில் கணக்கு வாத்தியார், வீடு அஸ்தினாபுரத்தில். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் முதலில் வந்தது எனக்குத்தான், ஆர்ப்பாட்டமாக. தலையைப் பிளக்கும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம். பித்தம் என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். அண்ணாதான் ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்குள் நீர் வடியும் வழி திடீரென்று அடைத்துக்கொண்டதாம். மருந்தால் அழுத்தத்தை இறக்கி, பிறகு இரண்டு கண்ணிலும் லேசரால் ஊசிமுனைத் துளை போட்டார்கள். பிழைத்தேன். அன்றிலிருந்து குடும்பத்தில் கண் டாக்டர் பட்டம் எனக்கு.

சில வருடம் கழித்து அண்ணாவுக்கும் அதே பெயரைச் சொன்னார்கள். வகுப்பில் ஓர பெஞ்சுப் பிள்ளைகள் கை தூக்குவது தெரியவில்லை என்று காட்டப் போயிருந்தார். ஆயுசுக்கும் தினமும் சொட்டு மருந்து என்றார்கள். போட்டால் எரிந்தது. என்னிடம் வந்தார்.

“வலி இருக்காண்ணா?”

“வலியே இல்லம்மா. இந்த டிராப்ஸ்தான் எரியுது.”

“வலி இல்லாம என்ன கிளாக்கோமா? பட்டவ சொல்றேன். உனக்கு லேசர்கூடச் சொல்லலையே. நிறுத்திடு.”

நிறுத்திவிட்டார். அவருக்கு வந்தது வேறு வகை. அதில் வழி அடைக்காது, நீர் வடிவதுதான் மந்தமாகும். அழுத்தம் சத்தமில்லாமல் நரம்பைக் கெடுத்து, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். மறுபடி காட்டியபோது நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். ஆபரேஷன் செய்தது அந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான். போனது திரும்பாது என்று சொல்லித்தான் செய்தார்கள். வேலையை விட்டார்.

“படிச்சவர், மருந்து போடவா சோம்பேறித்தனம்?” என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, “என் அலட்சியம்தான்” என்றார். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

மாரடைப்பு வந்த நாள் காலைவரை அவருக்கு மருந்து போட்டுவிட்டது அண்ணி. கைப்பிடித்து நடத்திப் போனவர்கள் அண்டை வீட்டார். எல்லோருக்கும் நன்றி. சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இது குடும்பத்தில் தொடரும் நோய், நமக்கெல்லாம் ஒரே ரத்தம், வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா அலட்சியமாக இருக்கவில்லை. மருந்தை நிறுத்தச் சொன்னவள் நான். கடைசிவரை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. இதை அச்சில் பார்த்துத்தான் அண்ணிக்கே தெரியப்போகிறது.