காலண்டர் தாளில் டெஸ்ட் பண்ணிய ஜூம் லென்ஸ்

படம் கழுவுகிற ஹைப்போ வாசனை... மூக்கில் ஏறினால் கண் லேசாகக் கரிக்கும். அதோடு ஜன்னல் வழியாக வரும் சுண்ணாம்புக்கல் தூசி. அரியலூரில் ஒரு மாடியில் நாங்கள் வைத்திருந்த ஸ்டூடியோவின் வாசனை அதுதான். சென்ட் அடித்துக்கொண்டு வரும் கல்யாண மாப்பிள்ளைகள்கூட அங்கே தோற்றுப்போவார்கள்.

நாங்கள் என்றால் நானும் ஜமாலும். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவன் எட்டு. அந்த ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க என்னை மிரட்டினான்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சின்ன லென்ஸ். தாலி கட்டும்போது முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் ஐயர் மடியில் ஏறி உட்கார வேண்டும். பெரம்பலூர்க்காரர் ஒருவர் ஜூம் லென்ஸ் வாங்கிவிட்டார். ஜெயங்கொண்டம் வரைக்கும் முகூர்த்தமெல்லாம் அவருக்கே போயிற்று. ஜமாலுக்கு வெறுத்துவிட்டது. அவன் அக்கா வீட்டுக்காரர் வேறு துபாயில் இருந்துகொண்டு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் ஒரு பழைய ஜூம் மலிவாகக் கிடைத்தது. யாரும் கேள்விப்படாத கம்பெனி. வளையத்தைத் திருகினால் கரகரவென்று சத்தம். பிடிக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஜமால் அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டான்.

"மாமா, இது ஷார்ப்பா இருந்தா இங்கயே கெடக்குறேன். மொழுக்குன்னு இருந்தா லென்ஸத் திருப்பிக் குடுத்துட்டு, வரேன்னு மச்சானுக்குப் போன் போட்டுருவேன்."

அவன் போய்விட்டால் எனக்கு ஸ்டூடியோவே இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"போ மாப்ள, துபாய்ல ஒட்டகத்துக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பொழச்சுக்க."

இப்போதெல்லாம் லென்ஸை டெஸ்ட் பண்ணக் கோடு கோடாக என்னென்னவோ படம் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்குத் தினசரிக் காலண்டர் தாள்தான். அதன் அடியில் பொடி எழுத்தில் ராசிபலன் இருக்கும் பாருங்கள்... அது நெகட்டிவில் படிக்க வந்தால் நல்ல லென்ஸ். எதிரே டெய்லர் கடைக் கதவில் தாளை ஒட்டினோம். மாடி ஜன்னலில் ஸ்டாண்டை வைத்து, லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி, ஷட்டரை மெதுவாக விட்டு, எடுத்தோம். கழுவின பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து லூப் என்கிற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்... எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

நான் விடவில்லை. "நல்லாப் படிக்க வருதே! ராகு காலம், மூணு டு நாலரை."

"யோவ் மாமா, செவ்வாக்கிழமைக்கு ராகு காலம் அதுதான்னு ஊருக்கே தெரியும். கீழ ராசிபலன் இருக்கு. அதப் படி பாப்போம்."

"கடகம்... லாபம்."

"ஒன் ராசின்னா லாபம்தான் போட்டுருப்பான்!"

மறுநாள் நான் பார்க்காதபடி ஏதோ ஒரு பழைய தாளைக் கிழித்து ஒட்டினான். கெட்டிக்காரன். அதுவும் எறும்புதான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஜமால் லென்ஸைத் துணியில் சுற்றி அதன் பெட்டியில் வைத்துவிட்டான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டான். நான் பெட்டியைத் திறந்து மறுபடி லென்ஸை மாட்டினேன். வீம்புதான், வேறென்ன? ஜன்னலில் நின்று பார்த்தால், ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி ஏதோ நின்றுவிட்டது போல. கல் லாரியெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு எங்கள் தெரு வரைக்கும் வரிசையாக நின்றன. இரண்டு லாரிக்கு நடுவே டெய்லர் கடைக் கதவும் அதில் ஒட்டிய தாளும் தெரிந்தன. எடுத்தேன். கழுவினேன்.

எழுத்து எழுத்தாக நின்றது!

ஜமால் தொப்பியைக்கூடக் கழற்றாமல் லூப்பை வாங்கிப் பார்த்தான். "விருச்சிகம்... நஷ்டம். சிம்மம்... அலைச்சல்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"என்னய்யா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. கேட் போட்டிருந்துச்சு. சும்மா எடுத்தேன்."

அவன் அப்படியே குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தான். அதற்குள் கேட் திறந்து லாரிகள் போக ஆரம்பித்திருந்தன.

"மாமா... லென்ஸு மேல தப்பில்ல. லாரி போறப்ப மாடியே ஆடுதுய்யா! சின்ன லென்ஸுல தெரியல. இது தூரத்துல உள்ளத இழுக்கும்போது ஆட்டத்தயும் சேத்து இழுக்குது."

வருசக்கணக்காக அந்த ஆட்டத்திலேயே சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்ட எங்களுக்கு மாடி ஆடுவது தெரியவே இல்லை. சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. சனிக்கிழமை போன் போட்டான்தான். வரவில்லை என்று சொல்வதற்கு.

அதன்பிறகு அந்த மட்டமான லென்ஸை வைத்துக்கொண்டு நாங்கள் எடுக்காத முகூர்த்தமில்லை. வேப்பந்தட்டை, குரும்பலூர் என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவோம். ஸ்டூடியோவில் யாராவது அவசரப்பட்டால், "செத்த இருங்க, கேட் போடட்டும்" என்பான் ஜமால். வந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வயதான பிறகு மகள் வீட்டோடு திருச்சிக்குப் போனான். போன வருசம் கண்ணை மூடி மவுத்தாகிவிட்டான்.

போன வாரம் என் மகன் டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு வளையம் வாங்கி அந்த ஜூமை மாட்டிக் கொடுத்தான். காலண்டர் தாளையே எடுத்தேன். கம்ப்யூட்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாமாம். பார்த்தேன். ஓரம் கொஞ்சம் மொழுக்கு... நடுவில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"ஷார்ப்புதான்!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி சொன்னாள், "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதப் படி பாப்போம் என்று மல்லுக்கு நிற்க ஆளில்லாமல் எனக்கென்னவோ சப்பென்று ஆகிவிட்டது.