தொண்ணூற்றேழு புள்ளி ஆறு

நேற்று ஒரகடத்தில் ஏறிய பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் சின்னக் குப்பியின் மூடியில் நாலைந்து வெள்ளை உருண்டைகளைத் தட்டி, கை படாமல் மகளின் நாக்கில் போட்டார். சர்க்கரையும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை வந்ததும் நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஹோமியோபதி உருண்டைக்குப் பயப்படுகிற ஆம்பளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பென்னலூரில் ஒரு மாடி அறையில் நானும் இசக்கியும் தங்கியிருந்தோம். அவன் விளாத்திகுளம் பக்கம். இருவரும் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் டிரெய்னி. பிரேக் பைப்பைக் கேஜ் என்கிற அளவுக்கருவியில் விட்டுப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. விரலால் தடவிப் பார்த்தால் சூப்பர்வைசர் கத்துவார்: "கை பொய் சொல்லும்டா. கேஜு இன்னா சொல்லுதோ அத்தப் பாரு!" கேட்டுக் கேட்டு, சாம்பாரில் உப்புப் பார்க்க ஒரு மீட்டர் இல்லையே என்று குறைப்படும் அளவுக்கு நாங்கள் முற்றிவிட்டோம்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார சார். கோயிலில் பாசுரம் சேவிக்கும் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றவர். ஹோமியோபதியில் பித்து. அந்த வருஷம் தெருவுக்கே உருண்டை கொடுத்தார். நல்ல மனுஷர், யாரிடமும் காசு வாங்கியதில்லை.

ஐப்பசி மழையில் இசக்கிக்கு உடம்பு கணகணவென்று ஆனது. நிரந்தரம் ஆகிறவர்களின் பெயர் வரப்போகிற மாதம் அது. கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் காய்ச்சல் என்று காட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பெயரும் போய்விடும். "அப்பாவ இனி உப்பளத்துல எறக்கக் கூடாதுல" என்பான் அடிக்கடி. ஆகவே டாக்டர் வேண்டாம், சாரின் உருண்டை போதும் என்றான்.

சார் ஒரு நிபந்தனை வைத்தார். உருண்டை போட்ட அரைமணி கழித்துச் சூடு அளந்து சொல்ல வேண்டும். செல்போன் கவர் விற்கும் தள்ளுவண்டியில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினோம். மருந்துக்கு முன்னால் அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் சார் படிக்கட்டிலேயே நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்பார்: "எவ்வளவுப்பா காட்றது?"

"தொண்ணூத்தேழு புள்ளி ஆறு, சார்."

"பேஷ்! மருந்து பிடிச்சுண்டுடுத்து."

மறுநாளும் அதே எண். அதற்கு மறுநாளும். நான் நெற்றியைத் தொட்டேன், தோசைக்கல்.

"டேய், அனலா கொதிக்குது. டாக்டராண்ட போலாம் வா."

"கைக்கு என்னல தெரியும்? மிஷின் என்ன சொல்லுதுன்னு பாரு." சொல்லும்போது அவன் பற்கள் கிடுகிடுத்தன.

பார்த்தேன். மிஷின் அதையேதான் சொன்னது. எனக்கு என் கைமேல்தான் சந்தேகம் வந்தது. மழையில் பைக்கில் போனதில் அவன் நெற்றி ஜில்லிட்டிருந்ததோ என்னவோ, கேட்டுத் துப்பாக்கியும் உள்ளே விட்டது. அவன் பேச்சு குறைந்தது, சோறு குறைந்தது, எண் மட்டும் குறையவுமில்லை, கூடவுமில்லை. அறைக்குள் மூன்றாவதாக ஒருவன் வந்து உட்கார்ந்து, இசக்கிக்குப் பதிலாக அவன் நன்றாக இருப்பதுபோல் இருந்தது.

ஒரு நாள் எனக்கு வார விடுமுறை, மத்தியானம். இசக்கி ஷிப்டில் இருந்தான். பாயில் கிடந்த தெர்மாமீட்டரைச் சும்மா எடுத்து என் நாக்கடியில் வைத்தேன். தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. சூடான டீ குடித்த வாய் ஆயிற்றே என்று தண்ணீர்க் குடத்தில் முக்கினேன். அதே எண். ஈரச் சுவரில் வைத்தேன். இரும்புக் கட்டிலின் காலில் வைத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் குடம், சுவர், கட்டில் எல்லாம் உயிரோடு, ஒரே சூட்டில் இருந்தன. அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

கீழே ஓடிச் சாரிடம் காட்டினேன். தன் கையிலும் தாழ்வாரத் தூணிலும் வைத்துப் பார்த்தவர், "பெருமாளே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் வேலை செய்கிற லைனில் செல்போனுக்கு அனுமதி இல்லை. நான் பைக்கில் கேட்டுக்குப் போனபோது, விழுந்துவிட்ட இசக்கியை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பவில்லை.

சாமான்களை எடுத்துப் போக அவன் அப்பா வந்தார்.

"நெசமாவே காய்ச்சல் இருந்துச்சா, தம்பி? கம்பெனில சூடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்காவ."

"நான் தொட்டுப் பாத்தேன்ப்பா. இருந்துச்சு."

அவர் என் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "இம்புட்டா?"

"இதவிட ஜாஸ்திப்பா."

தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அந்த மாடி வீடு இப்போது இல்லை. அங்கே லாரிகள் நிற்கின்றன. சார் பெங்களூரில் மகனோடு இருந்து, அங்கேயே காலமானார். கம்பெனி வல்லம் வடகாலுக்குப் போய்விட்டது. கேட்டில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, யாரும் சூடு பார்ப்பதில்லை. போன வருஷம் இசக்கியின் அப்பாவும் போய்விட்டதாகப் போன் வந்தது. அவனுக்குக் காய்ச்சல் அடித்ததைத் தொட்டுத் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.