சாபிராவின் குழந்தைக்குப் போன துணி

சிலுவையம்மாள் துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்கு தைப்பவள். ராயபுரத்தில் ஆறு குடித்தனம் கொண்ட காம்பவுண்டு ஒன்றில் குடியிருந்தாள். யாரையும் எதிர்த்துப் பேசாதவள் என்று பெயர். அப்படிப்பட்டவள் அறுபத்திரண்டாம் வருஷம் ஒரே காலையில் அத்தனை பேருடைய வாயிலும் விழுந்தாள்.

எதிர்வீட்டுக் காத்தூன் பீவியின் மகள் சாபிரா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை, பிறந்து பதினைந்து நாள். பச்சைக் குழந்தைக்கு நோய்நொடியில்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய துணியைத்தான் போடவேண்டும் என்பது காத்தூனின் பிடிவாதம். "ஒம் புள்ள ஹென்றி கல்லாட்டம் கீறான். அவன் துணி இருந்தா குடு சிலுவ" என்று கேட்டிருந்தாள்.

ஹென்றிக்கு நாலு வயது. அவனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைத் தலையணை உறையில் திணித்து அவனுக்கே தலைக்கு வைத்திருந்தாள் சிலுவையம்மாள். மூன்று நாளாக அவனுக்குக் காய்ச்சல். வெயிலில் ஆடிய சூடு என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், படுத்திருந்தவன் தலையை நகர்த்தி உறையைப் பிரித்து, நல்லதாகப் பத்துப் பன்னிரண்டு சட்டை பொறுக்கினாள். அவன் கையில் வைத்து மென்றுகொண்டிருந்த மரக் கிலுகிலுப்பையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவன் நெற்றியைத் தொட்டாள். தோலுக்கடியில் மணி மணியாக ஏதோ தட்டுப்பட்டது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. பெரியம்மையில் தங்கையைப் பறிகொடுத்தவள் அவள். உள்ளங்கையில் முத்து வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு பிள்ளை அலறினான் என்று அவனைக் கட்டிலுக்கடியில் ஒளித்ததும் அவள்தான்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் கஸ்பாரிடம் சொன்னாள். அவன் கதவைச் சாத்தினான்.

"வாயத் தொறக்காத. தெரிஞ்சா கார்ப்பரேஷன்காரன் புள்ளய வண்டில ஏத்திகினு போயிடுவான். என்னயும் ஹார்பர்ல உள்ள வுட மாட்டான். வேப்பெல போட்டு உள்ளயே வெச்சிக்க."

"துணி அங்க போயிருச்சிய்யா."

"போனது போயிருச்சி. இன்னாத்துக்கு நீயா போயி தலயக் குடுக்குற?"

அவன் படியிறங்கியதும் எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். கால் உள்ளே போகவில்லை. சாபிரா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதன் உடம்பில் ஹென்றியின் மஞ்சள் சட்டை. பிஞ்சு வாய்க்கருகில் அந்தக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"காத்தூனக்கா, அந்தத் துணியத் திருப்பிக் குடுத்துடுங்க."

காத்தூனின் முகம் சுருங்கியது. "இன்னாடி இது? குடுத்ததக் கேக்குற? எங்களுக்குக் குடுத்தது ஒம் புருஷனுக்குப் புடிக்கலியா?"

சிலுவையம்மாள் குழந்தையின் மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், துணியை மூஞ்சியில் எறிந்துவிடுவார்கள். விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் குழந்தைக்கு அம்மை குத்த வேண்டுமே, அதை யார் சொல்வது?

"ஹென்றிக்கு அம்ம போட்டுகீதுக்கா. பெரிசு."

காத்தூன் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கி, சட்டையைக் கிழித்தே எடுத்தாள். சாபிரா வீரிட்டாள். ஆறு வீட்டுக் கதவும் திறந்தன. "பாவி, எம் பேரனுக்கு ஒண்ணு ஆச்சின்னா ஒன்ன சும்மா வுட மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே காத்தூன் துணியையும் கிலுகிலுப்பையையும் முற்றத்தில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினாள். சிலுவையம்மாள் எரிந்து முடியும்வரை நிற்கவில்லை. ஹென்றியைத் தனியே விட்டுவிட்டு, நேராகச் சுகாதார ஆபீசுக்கு ஓடி, ரகுபதி என்ற இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷம் பிள்ளையை ஒளித்ததையும் சொன்னாள்.

பத்து மணிக்குள் வண்டி வந்தது. காம்பவுண்டில் அத்தனை பேருக்கும் குத்தினார்கள். சாபிராவின் குழந்தையின் தொடையில் குத்தும்போது காத்தூன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பதினாறு நாள் பார்க்கவேண்டும், அதற்குள் காய்ச்சல் வந்தால் சொல்லியனுப்புங்கள் என்றார் ரகுபதி.

சிலுவையம்மாள் ஹென்றியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த வார்டில் அவள் இரண்டு குழந்தைகளுக்காக நாள் எண்ணினாள். கண்ணெதிரே கிடந்தவனுக்கு முகமெல்லாம் சீழ் கோத்து இமை ஒட்டிப்போயிருந்தது. மற்றது எப்படி இருக்கிறதென்று சொல்ல ஆளில்லை. கஸ்பார் எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் புதிதாக ஒரு கைக்குழந்தையைத் தூக்கிவந்தார்கள். அது யாருடையது என்று எழுந்து ஓடிக் கேட்டாள். கொருக்குப்பேட்டைக் குழந்தை என்றார்கள். நிம்மதிப்பட்டாள். நிம்மதிப்பட்டதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

பதினெட்டாம் நாள் ரகுபதி வார்டுக்கு வந்தார். "அந்த எதிர்வீட்டுப் பையனுக்குக் குத்துன எடத்துல புண்ணு வந்து ஆறிடுச்சிம்மா. ஒண்ணுமில்ல."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஹென்றி பிழைத்தான். முகத்தில் தழும்பு நின்றது. கஸ்பாரை ஒரு மாதம் வேலைக்குச் சேர்க்கவில்லை. அந்தக் கோபத்தை அவன் ரொம்ப நாள் வைத்திருந்தான். காத்தூன் பேச்சை நிறுத்தினவள் நிறுத்தினவள்தான்.

சாபிரா புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, காத்தூன் ரிக்‌ஷாவில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவள் குழந்தையோடு சிலுவையம்மாள் வாசலுக்கு வந்தாள். "தூக்குக்கா" என்று நீட்டினாள்.

சிலுவையம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்மா, ஒங்கம்மா பாக்குது."

"பாக்கட்டும்" என்று சொல்லி அவள் கையை முன்னால் இழுத்துக் குழந்தையை வைத்தாள் சாபிரா.