அம்மன் தராசில் வந்த பசி

பசியைத் தீர்த்தவனுக்குப் புண்ணியம் என்பார்கள். பசியை வரவழைத்தவனுக்கு என்ன கிடைக்குமோ, தெரியாது. நான் அதைத்தான் செய்தேன். பிற்காலத்தில் மலாக்கா கடைத்தெருவின் பெருத்த வயிறுகளுக்குப் ‘போதும்’ என்ற சொல்லைப் பழக்க அலைந்து, தோற்றும் வென்றும் இருக்கிறேன். ஆனால் என் ஆராய்ச்சி தொடங்கியது உண்ண மறந்த பிள்ளைகளிடம்.

மலாக்காவில் ஜாசின் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டம். நான் அங்கே இளம் டாக்டர். ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். தோட்டத்துக் கடையில் புழுங்கலரிசி நின்று, மலிவான தீட்டிய வெள்ளையரிசி வந்தது. மல்லிகையாய் வெளுத்த சோறு. பால்வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில், கஞ்சிக் கிண்ணம் வந்ததும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அழவும் இல்லை. பசிக்காத குழந்தையின் அமைதி இருக்கிறதே, மழைக்கு முன் ரப்பர்க் காடு மூச்சடக்கி நிற்பது போலிருக்கும். அது என்னை உட்காரவிடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கோழி வளர்த்தேன். தீட்டிய அரிசி தின்ற கோழி இரையை வெறுத்தது, கழுத்தை மடக்கிச் சாய்ந்தது. தவிடு ஊட்டியதும் எழுந்தது, கொத்தியது, கூவியது. அந்தக் கூவலுக்கு நான் ஆடாத குறை! தீட்டி எறிந்த தவிட்டோடு பசியும் போய்விட்டது என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் ஓடினேன்.

“கோழிக்குச் சரி,” என்றார் துரை. மாரியம்மன் திருவிழா வரை கொட்டகைக்கு மட்டும் புழுங்கலரிசியும் பச்சைப்பயறும் தருவார். அதற்குள் பிள்ளைகள் எடை கூடினால் தோட்டம் முழுதுக்கும் புழுங்கல். கூடாவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது.

எடை! அங்கேதான் சறுக்கினேன். ஸ்டோரில் ரப்பர் நிறுக்கும் பெரிய தட்டுத் தராசைக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டு, பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னேன். எல்லாரிலும் மெலிந்த பெண்குழந்தையின் தாய் அவளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“ஒட்டுப்பாலு நிறுக்குற தராசுல எம் புள்ளையா? நல்லாருக்கே ஞாயம்!”

“தராசிலை வைச்சால் பிள்ளையிலை என்ன குறையப் போகுது, அம்மா?” என்றேன் என் யாழ்ப்பாணத் தமிழில்.

“கொறையுதோ கூடுதோ, நாலு பேரு காதுல விழுந்தா கண்ணு பட்டுரும் டாக்டரையா. ஆத்தாளுக்கு நேந்துகிட்டா நிறுப்போம். ஒங்களுக்கு எதுக்கு? நீங்க என்ன சாமியா லா?”

கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

தராசைக் கழுவி, மஞ்சள் பூசி, கோயில் மரத்தில் கட்டினோம். ஒரு தட்டில் பிள்ளை, மறுதட்டில் அம்மனுக்கு வாழைப்பழம். துலாபாரம் என்றதும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே திரண்டது. பிள்ளையின் எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை இறங்கியபின் பழத்தை நிறுத்துக் குறித்துக்கொண்டேன். பழத்துக்கு ஏது கண்ணேறு?

பிறகு கொட்டகையில் புழுங்கல் கஞ்சி கொதித்தது. முதலில் ஒரு வாய், பிறகு அரைக் கிண்ணம். ஒரு காலையில் ஆயா கரண்டியோடு வெளியே வந்து, “அய்யோ டாக்டரையா, பசின்னு கத்தி மண்டைய ஒடைக்கிதுங்க!” என்று புலம்பினாள். உலகத்தில் எந்த நாதஸ்வரமும் எனக்கு அப்படி இனித்ததில்லை.

திருவிழா வந்தது. துரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் அந்தப் பெண்குழந்தையைத் தட்டில் வைத்தார்கள். போன தடவை அவளுக்குச் சரியாக நின்ற அளவு பழத்தையே மறுதட்டில் அடுக்கச் சொன்னேன். அவள் தட்டு அசையாமல் தாழ்ந்தே கிடந்தது. பூசாரி இன்னொரு சீப்பை வைக்கக் குனிந்தார். அவள் எட்டி, அதிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, தோலோடு கடித்தாள்.

“அடியே, ஆத்தா பழம்டீ!” பூசாரி பதறினார்.

“திங்கட்டும் சாமி, ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்!” என்றாள் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

துரை எழுந்துவிட்டார். “பாகுஸ், டாக்டர், பாகுஸ்!” என்று மலாயில் மெச்சி, தமிழுக்கு வந்தார்: “புழுங்கல் வரும். எல்லாருக்கும் வரும்.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தாயின் குரல் என்னையும் மேளத்தையும் மீறி எழுந்தது.

“நின்னுகிட்டே இருக்கீங்களே டாக்டரையா! பழம் பத்தல, இன்னுமொரு சீப்பு கொண்டாங்க!”