மார்வாவின் நான்கு படிகள்

எங்கள் ஊர் இறைச்சிக் கடையில் எலும்பு அறுக்கும் ரம்பத்தின் முன்னால் முப்பத்தோரு வருஷம் நின்றவள் மார்வா டோலெஃப்சன். பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. அவளுக்கு முன்னால் அந்த ரம்பத்தில் நின்ற இரண்டு ஆம்பிளைகளுக்கும் சேர்த்தே பதினேழு விரல்தான். பக்கத்து மேஜையில் கறியைப் பொட்டலம் கட்டுகிறவன் நான். கடையில் என்னை எல்ராய் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு நான் 'ஏய் பொட்டலம்'.

மேப்பிள் இலை உதிரத் தொடங்கினால் மார்வாவுக்குக் கடையில் கால் தரிக்காது. வில்லை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் புருஷன் ஹார்லன் மீன் பிடிக்கிற ஆள், மரமேற மாட்டான். அதனால் நான் கூடப் போவேன். எனக்கு முழங்கால் சரியில்லை, தரையில் புதர் மறைவில் உட்கார்ந்துகொள்வேன். அவள் மரத்தில்.

அவள் மரமேறுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கை நீளத்துக்கு நான்கு அலுமினியக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கால் வைக்கக் கட்டைகள். இவைதான் அவளுடைய படிகள். முதலில் தோளையும் தொடையையும் சுற்றிப் பிடிக்கிற வாரை உடம்பில் மாட்டி, இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை மரத்தைச் சுற்றிப் பூட்டிக்கொள்வாள். அப்புறம் முதல் படியை மரத்தோடு நாடா போட்டு இறுக்குவாள். அதன்மேல் ஏறி நின்று இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கட்டுவாள். குறுக்கே கிளை வந்தால், கிளைக்கு மேலே இரண்டாவது கயிற்றைப் போட்டுப் பூட்டிய பிறகுதான் முதல் கயிற்றை அவிழ்ப்பாள். கயிறில்லாமல் ஒரு மூச்சுகூட மரத்தில் இருந்ததில்லை. உச்சிக்குப் போக இருபது நிமிஷம்.

ஹார்லனின் தம்பி ரோலிக்கு இது பெரிய வேடிக்கை. அவன் தன் மரத்தில் ஏற மரச்சட்டங்களை ஆணியடித்து, மேலே உட்கார ஒரு பரணை நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தான். அணில் மாதிரி ஓடி ஏறுவான். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் ஊரே இருக்கும்போது ஆரம்பிப்பான்.

"அண்ணி ஏறி முடிக்கறதுக்குள்ள மானுக்குக் கொம்பு விழுந்து புதுசே முளைச்சிடும்."

"மானுக்கு ஒண்ணும் அவசரமில்ல ரோலி. எனக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டு மீனைத் தின்பாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனுக்கும் கயிறோடு ஒரு வார் வாங்கிக் கொடுத்தாள். ரோலி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "குதிரைக்குப் பூட்டறதை எனக்குப் பூட்டச் சொல்றியா?"

"குதிரை மரமேறாது. கிறுக்கனுங்கதான் ஏறுவானுங்க."

அவன் பெண்டாட்டி கொரீன், இதை மாட்டாமல் வாசல் தாண்டினால் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேண்டா வெறுப்பாக மாட்டிக்கொண்டு போனான்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. காலை எட்டு மணி இருக்கும், தரையில் உறைபனி. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஓக் மரங்களிலிருந்து ஏதோ முறியும் சத்தம், பின்னாலேயே ரோலியின் அலறல். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மேலே மார்வா ஒவ்வொரு படியாக அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அதையெல்லாம் ஏன் கழட்டிட்டு இருக்கே? வா சீக்கிரம்."

"அங்க எதை வெச்சு ஏறுறதாம்? நீ மேட்டுக்குப் போய் போன் பண்ணு."

மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். தீயணைப்புக்காரர்கள் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். நொண்டிக்கொண்டே ஓடிவந்தால், ரோலியின் பரண் தரையில் நொறுங்கிக் கிடந்தது. அதைக் கட்டியிருந்த நாடா அணில் கடித்து அறுந்து, பரண் விழும்போது ஆணிச் சட்டங்களையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. மேலே மரத்தில் பூட்டியிருந்த கயிறு பிடித்துக்கொள்ள, பூனைக்குட்டியைப் பிடரியில் தூக்கினாற்போல் அந்த வாரில் ரோலி தொங்கிக்கொண்டிருந்தான். கால்கள் தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில். தொடை வார் சதையை வெட்டிக்கொண்டிருந்தது.

மார்வா முதல் படியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கால் மரத்துப்போச்சு."

"சைக்கிள் மிதிக்கற மாதிரி ஆட்டு. நிறுத்தாதே."

அப்படித் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், ஆள் மயங்கிவிடுவான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் பழைய சோப்புக்கட்டி மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. இரண்டாவது படிக்கு மேல் ஒரு தடித்த கிளை. மார்வா நின்றாள். இரண்டாவது கயிற்றை எடுத்துக் கிளைக்கு மேலே போட்டாள்.

"அந்தக் கயிறை அவிழ்த்துட்டு ஏறி வா அண்ணி. உன் கால்ல விழறேன்."

எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. மார்வா பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் பழைய கயிற்றை அவிழ்த்தாள்.

"நான் விழுந்தா உன்னை யாருடா இறக்குவா? எல்ராயோட முழங்காலா? நீ கொரீன் சுட்ட 'பை' பலகாரம் எல்லாத்தையும் வரிசையா சொல்லு. விடாம சொல்லு."

"ஆப்பிள்," என்றான் ரோலி. "செர்ரி. பூசணி." குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "ரூபார்ப்."

"ரூபார்ப் தண்டு ஒரே புளிப்பு, நல்லாவே இருக்காது. அடுத்தது?"

மூன்றாவது படியில் நின்றபோது அவள் தலை அவன் பூட்ஸுக்குச் சமமாக இருந்தது. நான்காவதை அவன் காலுக்கடியில் பிடித்து நாடாவை இறுக்கினாள். அவன் இடது காலைத் தன் கையால் எடுத்துக் கட்டையில் வைத்தாள், பிறகு வலது காலை. "நில்லுடா" என்றாள். அவனால் முடியவில்லை. இன்னொரு கட்டை மேலேறி, தோளை அவன் உட்காருமிடத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். வார் தளர்ந்தது. ரோலி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். தோளை எடுக்காமல், அவனோடு பேசிக்கொண்டே, ஏணி வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

ரோலியை ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். தொடையில் இரண்டு கறுத்த கோடுகள், வேறொன்றுமில்லை. தீயணைப்பு நிலையத்தில் மார்வாவை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். பேச வராது என்றாள். பின்பக்கத்து மரத்தில் எல்லோரும் பார்க்க ஏறி இறங்கினாள். முப்பது பேர் அவள் இறங்கும்வரை குளிரில் நின்று பார்த்தார்கள். ஊரில் பலபேர் ஆணிச் சட்டங்களைப் பிடுங்கிப் போட்டது அதற்கப்புறம்தான்.

அடுத்த வாரம் கடையில் ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னிடம் ஒன்று சொன்னாள். ரோலியை இறக்கிய அன்று சாயங்காலம் வீட்டில் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லையாம், கை அவ்வளவு நடுங்கியதாம். ஹார்லன் கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தானாம்.

"மேல இருந்தப்ப நடுங்கலையே?"

"அப்ப நேரமில்ல," என்று சொல்லிவிட்டு ரம்பத்தைப் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் போனோம். பத்து மணிக்கு ஒரு பெட்டை மான் வந்தது. ஒரே அம்பு. பள்ளத்திலிருந்து வண்டிவரை அதை இழுத்து வர எங்கள் இரண்டு பேருக்கும் மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் என் முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்தாள்.